குலுக்கலில் வராத பெயர்

2017 கோடையில் இரண்டு நாள் விடுப்பில் திருத்தணிக்குப் போயிருந்தபோது அக்கா ஒரு வேலை கொடுத்தாள். "நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடிதானடா உக்காந்திருக்க. அந்த இருபத்தஞ்சு பர்சென்ட் ஃபாரத்த நீயே போட்டுக் குடுத்துடேன்." மாமா மலையடிவாரத்தில் மாலையும் அர்ச்சனைத் தட்டும் விற்பவர். வருமானச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், ஆதார், முகவரிச் சான்று எல்லாவற்றையும் ஃபோனில் படம் பிடித்து ஏற்றி, அக்கா மகனுக்கு ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. இடம் கேட்டு விண்ணப்பித்தேன். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "எங்க பையனுக்கும் போட்டுக் குடு தம்பி" என்றார். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். அதையும் போட்டேன்.

இடங்கள் குறைவு, விண்ணப்பங்கள் அதிகம். பள்ளியில் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல் நடந்தது. அக்கா மகன் பெயர் வந்தது, எதிர்வீட்டுப் பையன் பெயர் வரவில்லை. அக்கா அன்று சாயங்காலமே 365 படியும் ஏறி முருகனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தாள். எதிர்வீட்டில் அன்று யாரும் வெளியே வரவில்லை. எங்கள் வீட்டு சர்க்கரைப் பொங்கலைக் கொண்டுபோய்க் கொடுப்பதா வேண்டாமா என்று அம்மா யோசித்து, கடைசியில் கொடுக்கவில்லை.

தனியார் பள்ளிக்கு அரசுப் பணம் போகலாமா என்ற விவாதத்தை எப்போது வாசித்தாலும் எனக்கு அந்தப் பொங்கல்தான் ஞாபகம் வரும். இதை எழுதுபவன் வெளியே நின்று பார்ப்பவன் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2010இல் நான் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது, முதல் தலைமுறைப் பட்டதாரி என்ற வகையில் என் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசுதான் அந்தத் தனியார் கல்லூரிக்குக் கட்டியது. என் அம்மா பத்தொன்பது வருடம் ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் டீச்சராக இருந்தவர். ஆக இந்த ஏற்பாட்டின் பயனாளியும் நானே, அதன் செலவைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவனும் நானே.

*

வவுச்சர் என்ற யோசனையைத் தெளிவாக எழுதியவர் மில்டன் ஃப்ரீட்மன். 1955இல் வந்த 'கல்வியில் அரசின் பங்கு' என்ற கட்டுரையில் அவர் இரண்டு விஷயங்களைப் பிரித்தார். கல்விக்குப் பணம் தருவது ஒன்று, பள்ளி நடத்துவது இன்னொன்று. அரசு முதலாவதைச் செய்தால் போதும். பிள்ளைக்கு இவ்வளவு என்று ஒரு சீட்டைப் பெற்றோர் கையில் கொடுத்துவிட்டால், அவர்கள் பிடித்த பள்ளியில் அதைக் கொடுப்பார்கள். நல்ல பள்ளிக்குக் கூட்டம் சேரும், மோசமான பள்ளி திருந்தும் அல்லது மூடும்.

கல்லூரி முடித்த புதிதில் இதை வாசித்தபோது சொக்கிப் போனேன். என் தொழிலில் பழகிய தர்க்கம் இது. பயனர் வெளியேறினால் நிறுவனத்துக்கு வலிக்கும், வலித்தால் சரிசெய்வார்கள். அரசுப் பள்ளியில் வலி என்பதே யாருக்கும் போய்ச் சேருவதில்லை என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அதில் பாதி உண்மை என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் கட்டுரை வந்த காலத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். 1954இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வெள்ளை, கறுப்புப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் வைப்பது செல்லாது என்றது. தெற்கு மாநிலங்கள் சில அதிலிருந்து தப்ப, தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் வழியைப் பிடித்தன. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி 1959இல் அரசுப் பள்ளிகளையே மூடிவிட்டது. வெள்ளைப் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போனார்கள், கறுப்புப் பிள்ளைகளுக்கு 1964 வரை அந்த வட்டாரத்தில் பொதுப்பள்ளியே இல்லை. ஃப்ரீட்மனின் நோக்கம் அது என்று சொல்ல மாட்டேன். யார் யாரோடு உட்கார மாட்டேன் என்று முடிவு செய்யவும் 'விருப்பத் தேர்வு' பயன்படும் என்பதுதான் விஷயம். சாதி தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

*

நம் நாட்டில் இந்த யோசனைக்கு மிக நெருக்கமாக வருவது கல்வி உரிமைச் சட்டம் 2009இன் பிரிவு 12(1)(சி). 2010 ஏப்ரல் 1இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். கட்டணத்தை அரசு திருப்பித் தரும். அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவு, பள்ளி வாங்கும் கட்டணம், இவற்றில் எது குறைவோ அது. 2012 ஏப்ரல் 12இல் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் இதை ஏற்றது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இது பொருந்தாது என்று 2014இல் இன்னொரு தீர்ப்பு வந்தது.

இந்தப் பிரிவை ஒரு பிரதியாக வாசித்தால், அதற்குள் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று கோத்தாரிக் குழுவின் குரல். 1964-66இல் அக்குழு அருகமைப் பள்ளியை, எல்லாத் தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பொதுப்பள்ளி முறையைப் பரிந்துரைத்தது. இன்னொன்று ஃப்ரீட்மனின் குரல்: பிள்ளை எங்கே போகிறதோ பணம் அங்கே போகட்டும். கலந்து படிக்கட்டும் என்பது முதல் ஆசை, தப்பித்துப் போகட்டும் என்பது இரண்டாவது. சட்டம் முதல் ஆசையின் மொழியில் எழுதப்பட்டது. திருத்தணி போன்ற ஊரில் அது இரண்டாவது ஆசையாக மட்டும்தான் வாழ்கிறது. என் விமரிசனம் இவ்வளவுதான். மீதியெல்லாம் இதன் விளக்கம்.

கலப்பால் பயன் உண்டா என்றால் உண்டு. டெல்லியின் பெரிய தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் சேர்ந்த பிறகு பணக்காரப் பிள்ளைகளிடம் என்ன மாறியது என்று பொருளாதார அறிஞர் கௌதம் ராவ் ஆராய்ந்தார். அவர்கள் அதிகம் பகிர்ந்துகொள்கிறார்கள், ஏழைப் பிள்ளைகளை ஒதுக்குவது குறைகிறது, படிப்பு பெரிதாகக் கெடவில்லை என்பது அவர் கண்டது. 12(1)(சி)க்கு இதைவிட நல்ல நியாயம் கிடையாது.

ஆனால் அது டெல்லி. எங்கள் ஊரில் அக்கா மகன் வகுப்பில் கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகள் யார்? விசைத்தறி வைத்திருப்பவர் மகன், ஷேர் ஆட்டோ ஓட்டுபவர் மகள், மளிகைக் கடைக்காரர் பேரன். அக்கா குடும்பத்தைவிட ஒரு படி, மிஞ்சினால் இரண்டு படி மேலே. மலையில் 365 படி இருக்கிறது, இந்த வகுப்பறையில் நாலு படிதான். அந்த நாலு படிக்குள் யாரும் யாரோடும் புதிதாகக் கலக்கவில்லை. உண்மையில் விலகி நிற்பவர்கள், ஊர்க்கோடிக் காலனியின் பிள்ளைகள், பெரும்பாலும் அரசுப் பள்ளியில் தனியாக இருக்கிறார்கள். ஒரு கிலோமீட்டர் வட்டம், இரண்டு லட்ச வருமான வரம்பு, ஆன்லைன் விண்ணப்பம் என்ற மூன்று சல்லடையையும் தாண்டி வர, வீட்டில் என்னைப் போல ஒருவன் வேண்டியிருக்கிறது.

*

'இலவசம்' என்ற சொல்லுக்கும் வருவோம். முதல் வருடம் புத்தகம், நோட்டு, சீருடை, 'ஆக்டிவிட்டி' என்று ஒரு துண்டுச்சீட்டு வந்தது. அக்கா காதில் கிடந்ததை அடகு வைத்தாள். இது எங்கள் கதை மட்டும் இல்லை. சீருடைக்கும் புத்தகத்துக்கும் சேர்த்து அரசே பொறுப்பு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் சொல்ல வேண்டி வந்தது. எதிர்வீட்டுப் பையனுக்கோ அரசுப் பள்ளியில் புத்தகம், நோட்டு, சீருடை, மதிய உணவு எல்லாம் இருந்தது. 2023இலிருந்து காலை உணவும். அந்தக் காலை உணவு ஊரக உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிந்தது எங்கள் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான், 2024 ஜூலை 15 அன்று. இந்தப் பட்டியலில் எதுவும் அக்கா மகனுக்குக் கிடையாது. காலையில் வேன் பிடிக்கும் அவசரத்தில் பாதி நாள் அவன் பன்னும் டீயும்தான்.

அந்தப் பணமும் நிலையானது இல்லை. மத்திய அரசின் சமக்ர சிக்ஷா நிதியிலிருந்து இதற்கு ஒரு பங்கு வருகிறது. தேசியக் கல்விக் கொள்கை, பி.எம். ஸ்ரீ பள்ளிகள் தொடர்பான சண்டையில் அந்த நிதி நின்றது. 2,152 கோடி ரூபாய் வரவில்லை என்றது தமிழ்நாடு அரசு. 2025 மே மாதம் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. கல்வி உரிமைச் சட்டத்துக்கான தொகையை இந்தச் சண்டையோடு முடிச்சுப் போட வேண்டாம் என்று ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பள்ளிகள் ஜூனில் திறந்துவிட்டன. அந்த வருடச் சேர்க்கைக்கான அறிவிப்பு அக்டோபரில்தான் வந்தது. டெல்லியும் சென்னையும் மோதிக்கொண்டபோது, நான்கு மாதம் காத்திருக்க முடிந்தவர்களுக்கும் முதலில் கட்டணம் கட்டிவிட்டுப் பிறகு கேட்க முடிந்தவர்களுக்கும்தான் இந்த உரிமை உயிரோடு இருந்தது.

*

வவுச்சர் பற்றி உலகமே மேற்கோள் காட்டும் ஆராய்ச்சிகளில் ஒன்று எங்களுக்குப் பக்கத்து மாநிலத்தில் நடந்தது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. ஒருங்கிணைந்த ஆந்திரத்தின் 180 கிராமங்களில் 2008 முதல் நான்கு ஆண்டுகள் நடந்த சோதனை அது. கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் இருவரும் அதை 2015இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். எந்தக் கிராமத்துக்கு வவுச்சர் என்பதற்கு ஒரு குலுக்கல், அந்தக் கிராமத்தில் யாருக்கு என்பதற்கு இன்னொரு குலுக்கல். வரிசையில் தோற்றவர்களையும் சேர்த்து அளந்தார்கள் என்பதால் அந்த ஆய்வின் மேல் எனக்கு மரியாதை அதிகம். எங்கள் ஊர்க் குலுக்கலில் வராத பெயரை யாரும் எழுதிக்கூட வைக்கவில்லை.

முடிவு என்ன? தெலுங்கிலும் கணக்கிலும் வவுச்சர் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் நல்ல முன்னேற்றம், ஏனென்றால் தனியார் பள்ளியில் அது பாடமாக இருந்தது. தனியார் பள்ளிகள் தெலுங்குக்கும் கணக்குக்கும் குறைவான நேரம் ஒதுக்கியே அந்த அளவுக்கு வந்தன. செலவோ அரசுப் பள்ளியில் ஆவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அரசுப் பள்ளியிலேயே இருந்துவிட்ட பிள்ளைகளுக்கு இதனால் கெடுதல் எதுவும் தெரியவில்லை. இந்தக் கடைசி வரி என் மனச்சாய்வுக்கு எதிரானது. அதனால்தான் அதை விடாமல் சொல்கிறேன்.

வவுச்சர் ஆதரவாளர்கள் செலவுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், எதிர்ப்பாளர்கள் தெலுங்கு-கணக்கு முடிவை மட்டும். எனக்கு அந்த 'மூன்றில் ஒரு பங்கு' என்ற இடத்தில் கண் நின்றுவிடும். அது எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி டீச்சர் சம்பளத்திலிருந்து. 2018இல் அம்மா வேலையை விட்டபோது கடைசியாக வாங்கிய மாதச் சம்பளம் 7,500 ரூபாய். மே மாதம் சம்பளம் கிடையாது. அட்மிஷன் சமயத்தில் வீடு வீடாகப் பிள்ளை பிடிக்கவும் போக வேண்டும். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு பிஎஃப் என்று ஒன்றும் இல்லை, ஒரு சால்வையும் குத்துவிளக்கும் கொடுத்தார்கள். பொருளாதாரக் கட்டுரையில் இதற்கு 'செலவுத் திறன்' என்று பெயர்.

என் துறையில் ஒரு சர்வர் குறைந்த செலவில் ஓடினால் கைதட்டுவோம். ஆனால் அந்தக் குறைந்த விலை வேறொருவர் தலையில் ஏறியிருந்தால், அது சேமிப்புக் கணக்கில் வராது, இடம் மாற்றிய கணக்கில்தான் வரும். சிறு நகரங்களில் படித்த பெண்களுக்கு வேறு வேலை இல்லாதவரை, வெளியூர் போக வீட்டில் விடாதவரை, இந்தச் சம்பளத்துக்கு டீச்சர் கிடைப்பார்கள். மாநிலம் முழுக்க வவுச்சர் வந்து எல்லாப் பள்ளியும் இப்படி ஓட வேண்டுமென்றால் அவ்வளவு அம்மாக்கள் எங்கே கிடைப்பார்கள் என்று 180 கிராமச் சோதனையால் சொல்ல முடியாது.

பெரிய அளவில் செய்து பார்த்த நாடு சிலி. பினோசே ஆட்சியில், 1981இல், அங்கே வவுச்சர் வந்தது. அப்போது நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரசுப் பள்ளியில் இருந்தார்கள். பிறகு அது நாற்பது சதவீதத்துக்கும் கீழே போனது. சராசரிக் கற்றல் அதனால் உயர்ந்ததற்குச் சான்று இல்லை, வசதியுள்ளவர்கள் விலகிப்போனதற்குச் சான்று உண்டு என்று 2006இல் ஷீ, உர்கியோலா ஆகிய இருவர் எழுதினார்கள். அதே வருடம் பள்ளி மாணவர்களே தெருவுக்கு வந்தார்கள். 2015இல் வந்த சட்டம், அரசுப் பணம் பெறும் பள்ளிகள் லாபம் எடுப்பதையும் பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பதையும் படிப்படியாகத் தடுத்தது. நான்கு வருடச் சோதனையில் தெரியாத கெடுதல் முப்பது வருடத்தில் தெரிந்தது.

*

திருத்தணியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் நகரி. 1960 ஏப்ரல் 1 வரை நாங்களும் அந்தப் பக்கம்தான் இருந்தோம். ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்தோம். நகரியில் சித்தி மகள் இருக்கிறாள். ஜெகன்மோகன் ரெட்டி அரசு 2020 ஜனவரியில் 'அம்மா ஒடி' என்ற திட்டத்தை சித்தூரில் தொடங்கியது. பிள்ளை அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, ஏழைத் தாயின் கணக்கில் வருடம் 15,000 ரூபாய். 2025இல் சந்திரபாபு அரசு அதையே 'தல்லிகி வந்தனம்' என்று, குடும்பத்தின் எல்லாப் பிள்ளைக்குமாக விரித்தது.

ஃப்ரீட்மன் கேட்டதற்கு எங்கள் 25 சதவீதத்தைவிட இதுதான் நெருக்கம். பள்ளிக்குக் கும்பிடு போடாமல் பணம் தாயின் கைக்கு வருகிறது, குலுக்கல் இல்லை, எதிர்வீட்டில் கதவு சாத்திக்கொள்ள வேண்டியதில்லை. சித்தி மகளிடம் கேட்டேன். "பாதி ஃபீஸுக்குப் போச்சுண்ணா, பாதி நகைய மீட்டேன். தப்பா?" என்றாள். தப்பில்லை. ஆனால் அந்தப் பணத்தால் எந்தப் பள்ளியும் ஒரு டீச்சரைக்கூட அதிகம் வைக்கவில்லை என்பதையும் அவளே சொன்னாள்.

தனியார் பள்ளிக்கு அரசுப் பணம் போகவே கூடாது என்பவர்கள் தமிழ்நாட்டின் வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். 1854இன் உட்ஸ் அறிக்கையிலிருந்தே மானியம் இருக்கிறது. உதவிபெறும் பள்ளி என்று நாம் சாதாரணமாகச் சொல்வது அதன் தொடர்ச்சிதான். திருத்தணியில் 1888இல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் படித்தது திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளியிலும் வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும், பெரும்பாலும் உதவித்தொகையில். நான் ஐந்தாவது வரை படித்ததும் உதவிபெறும் பள்ளிதான். ஆனால் அங்கே அரசுப் பணம் போகும் வழி வேறு. அது டீச்சரின் சம்பளமாகப் போகிறது, அரசு விகிதத்தில். நிர்வாகம் தனியாருடையது, டீச்சரின் வாழ்க்கை சந்தையுடையது இல்லை. பதவியிடத்தை விலை பேசுகிறார்கள் என்ற நீண்ட காலப் புகார் அந்த முறைக்கும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் இருபது வருடம் அங்கே வேலை பார்த்தவருக்குப் பென்ஷன் இருந்தது. என் அம்மாவுக்கு சால்வை.

அதனால் 'பணம் தரலாமா' என்பது எனக்கு முக்கியமான கேள்வியாக இல்லை. எதற்காகத் தருகிறோம், பதிலுக்கு என்ன கேட்கிறோம் என்பதே கேள்வி. திருப்பித் தரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இரண்டு நிபந்தனை போடலாம். பள்ளி வாங்கும் எல்லாக் கட்டணமும், ஒவ்வொரு டீச்சரின் சம்பளமும் வங்கி வழியாக நடக்கட்டும், பள்ளி வாசலில் எழுதி ஒட்டட்டும். கூடவே, குலுக்கலில் வராத பிள்ளைகள் எந்தப் பள்ளியில் சேர்ந்தார்கள், அந்தப் பள்ளிக்கு அந்த வருடம் என்ன கிடைத்தது என்பதையும் அரசு வெளியிடட்டும். ஒரு டேட்டாபேஸ் ஆளாகச் சொல்கிறேன், கஷ்டமான வேலை இல்லை. பெயர்கள் ஏற்கெனவே விண்ணப்பத்தில் இருக்கின்றன.

*

இதையெல்லாம் அக்காவிடம் ஒரு முறை சொன்னேன். பூ கட்டிக்கொண்டே கேட்டாள். "எல்லாம் சரிடா. அன்னிக்கு நீ ஃபாரம் போட மாட்டேன்னு சொல்லியிருப்பியா?"

மாட்டேன். இன்றைக்கும் போடுவேன். கொள்கைக்காக அக்கா மகனைப் பணயம் வைக்க எனக்கு உரிமை இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் இப்படி நியாயமான ஒரு முடிவு எடுக்கப்பட்டு, எல்லாம் சேர்ந்து நியாயமில்லாத ஓர் ஊராக மாறுவதுதான் பிரச்சினை. அதைத் தனித்தனி வீடுகளால் சரிசெய்ய முடியாது. அரசு என்ற ஒன்று இருப்பதே அதற்காக.

இரண்டு பையன்களும் இப்போது ஏழாவது. அக்கா மகன் ஆங்கிலத்தைத் தடையில்லாமல் வாசிக்கிறான், அர்த்தம் கேட்டால் முழிக்கிறான். எதிர்வீட்டுப் பையன் தமிழ்ப் பேப்பரை முழுசாகப் படித்துச் சொல்கிறான், வகுத்தல் கணக்கு வந்தால் தண்ணி குடிக்கப் போய்விடுகிறான். யார் ஜெயித்தார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போன டிசம்பர் 31 படித் திருவிழாவில் இருவரும் ஒன்றாகத்தான் படி ஏறினார்கள்.

சட்டம் எட்டாவதோடு முடிகிறது. ஒன்பதாவதிலிருந்து முழுக் கட்டணம். அக்கா இப்போதே கணக்குப் போட்டுவிட்டாள். "எட்டு வரைக்கும் இங்க ஓட்டிடலாம். அப்புறம் கவர்மென்ட் ஸ்கூல்தான். செவன் பாயின்ட் ஃபைவ் இருக்குல்ல?" சரிதான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் ஒதுக்கிய 2020 சட்டத்தில், இந்தப் பிரிவில் எட்டாவது வரை தனியாரில் படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் உண்டு. அப்படியானால் 2027 ஜூனில் இரண்டு பேரும் ஒரே பள்ளியில், ஒருவேளை ஒரே வகுப்பில் உட்காருவார்கள்.

பத்து வருடமாக அரசு அந்தத் தனியார் பள்ளிக்குக் கட்டிக்கொண்டிருக்கும் தொகை, அவர்கள் இருவரும் போய்ச் சேரப்போகும் அந்த அரசுப் பள்ளியில் ஓர் அறிவியல் ஆய்வகமாக இருந்திருக்கலாமோ என்று அக்காவிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவள் அடுத்த முழத்தைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.